பனிக்காலத்திலும் பொலியும் முன்தாழ்வாரம்

கனடா போன்ற உறைகுளிர் நாடுகளில், வெப்பமூட்டும் வசதியற்ற முன்தாழ்வாரத்தைக் குளிர்காலம் முழுவதும் பொலிவுடன் வைத்திருக்க, உறைபனியைத் தாங்கும் பொருள்களைத் தேர்ந்தெடுப்பதே முதற்படியாகும்.

• தொட்டி: நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைவதால், ஈரத்தை உறிஞ்சும் சுடுமண் தொட்டிகள் விரிசல் கண்டுவிடும்; மரம் அல்லது கண்ணாடியிழையாலான, அடியில் துளையுள்ள தொட்டிகளே ஏற்றவை.

• பசுமை: ஆண்டு முழுவதும் பச்சை இலையுடன் நிற்கும் பசுமைமாறா மரங்களான பைன், ஸ்புரூஸ், சீடர் ஆகியவற்றின் கிளைகளை, தொட்டி மண் உறையுமுன் அதில் ஆழச் செருகி நீர் ஊற்றினால், உறைந்த மண் அவற்றை இறுகப் பிடித்துக்கொள்வதுடன், குளிரால் இலைகளும் நெடுநாள் வாடாதிருக்கும்.

• நிறம்: இலையுதிர்ந்தபின் செந்நிறம் காட்டும் டாக்வுட் புதரின் குச்சிகளை அக்கிளைகளின் நடுவில் செருகினால், அவை வெண்பனியின் பின்னணியில் எடுப்பாகத் தெரியும்.

• ஒளி: பொழுது விரைவில் சாய்ந்துவிடுவதால், வெளிப்புறப் பயன்பாட்டுக்கெனக் குறிக்கப்பட்ட, இளமஞ்சள் ஒளி தரும் எல்இடி சரவிளக்குகளை, குறித்த நேரத்தில் தானே எரிந்து அணையச் செய்யும் டைமருடன் இணைப்பது நலம்.