இல்லறத்தில் அபயதானம்

நீரை வடிகட்டிப் பருகுதல், கதிரவன் மறையுமுன் உணவு கொள்ளுதல், கிழங்கு வகைகளை விலக்குதல் ஆகிய ஒழுக்கங்கள் நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டு வருகின்றன. ஓரறிவுயிருக்கும் நம்மால் தீங்கு நேரலாகாது என்பதே இவற்றின் நோக்கம். இத்துணை நுணுக்கமாக உயிர்களைப் பேணும் ஓர் இல்லத்தில், ஐந்தறிவும் மனமும் உடைய ஒரு பெண் தன் கணவனின் காலடியோசைக்கு அஞ்சி வாழ்வாளாயின், அங்கு அகிம்சை அணுவிரதம் நிலைபெற்றுள்ளது என்று கூற இயலுமா? இவ்வினாவையே இப்பாடத்தில் ஆராய எடுத்துக்கொள்கிறோம்.

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் தம் வாழ்வில் ஒரு முறையேனும் கணவரின் வன்முறைக்கு உள்ளாகியுள்ளனர். வன்முறைக்கு உள்ளான பெண்களுள் உதவி நாடியவர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு 14 பேர் மட்டுமே. இக்கணக்கிலிருந்து நம் சமூகத்துக்கு விலக்கு உண்டு என்று எண்ண இடமில்லை.

இம்சை என்பது யாது?

தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாசுவாமி ஆசாரியர், பிரமாதத்தின் வயப்பட்டுப் பிராணன்களுக்குக் கேடு விளைவித்தலை இம்சை என வரையறுக்கிறார். பிராணன்கள் பத்து என்பதை நாம் அறிவோம். ஐம்பொறிகள், மனபலம், வசனபலம், காயபலம், உயிர்ப்பு, ஆயுள் என்பனவே அவை. எனவே குருதி சிந்தினால்தான் இம்சை என்பது பொருந்தாது. நாள்தோறும் வசைமொழி கேட்டு வாய் திறக்கவே அஞ்சும் பெண்ணிடத்தில் வசனபலம் கெடுகிறது. எப்போது என்ன நேருமோ என்று நடுங்குபவளிடத்தில் மனபலம் கெடுகிறது. உடலில் தழும்பு இல்லாவிடினும் அங்கு இம்சை நிகழ்ந்துவிட்டது.

அகிம்சை அணுவிரதத்திற்கு அதிசாரங்கள் ஐந்து. அவை பந்தம், வதம், சேதம், அதிபாராரோபணம், அன்னபான நிரோதம் என்பன. அதாவது, கட்டி வைத்தல், அடித்தல், உறுப்புகளைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் ஆகும். இவற்றைக் கற்பிக்கும்போது மாடு, குதிரை முதலியவற்றையே எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். ஆனால் இவ்வைந்தும் மனிதர்க்கும் பொருந்துவனவே. பிறந்தகத்துக்குச் செல்லவிடாமலும், தொலைபேசியைப் பறித்துக்கொண்டும் மனைவியை அடைத்து வைப்பது பந்தம். கன்னத்தில் அறைவதும் வதமே. சூட்டுக்கோலால் சுடுதலும் எலும்பு முறிய அடித்தலும் சேதத்தின்பாற்படும். கருவுற்றவளையும் நோயுற்றவளையும் ஓய்வின்றி வேலை வாங்குவது அதிபாரம். வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் வாட்டுவதும், அவள் ஈட்டும் ஊதியத்தைப் பறித்துக்கொண்டு அவள் கையேந்தி நிற்கச் செய்வதும் அன்னபான நிரோதத்தின் வடிவங்களே.

2005ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், வன்முறையை நான்கு வகையாகப் பகுக்கிறது. உடல்வழி, பாலியல்வழி, சொல்லாலும் மனத்தாலும் துன்புறுத்தல், பொருளாதாரவழி என்பன அவை. நம் ஆசாரியர்கள் பல நூற்றாண்டுகட்கு முன்னரே விலக்கியவற்றை இன்றைய சட்டமும் விலக்குகிறது என்பது எண்ணத்தக்கது.

சந்தனையின் விலங்கு

கௌசாம்பி நகரில் வணிகர் ஒருவர் இல்லத்தில் அடைக்கலமாக இருந்த சந்தனையின் வரலாற்றை நம் குழந்தைகளும் அறிவர். வணிகரின் மனைவி ஐயத்தால் வெகுண்டு, அவளை விலங்கிட்டு, பழைய வரகுச் சோற்றை மட்டுமே உணவாக அளித்து வருத்தினாள். அவ்வில்லத்துக்குச் சரியை வந்த மகாவீர சுவாமிக்குச் சந்தனை ஆகாரமளித்தாள். விலங்கு அறுந்தது. பின்னர் அவளே பகவானின் சங்கத்தில் 36,000 ஆர்யாங்கனைகளுக்குத் தலைவியானாள்.

இவ்வரலாற்றைப் பெரும்பாலும் ஆகாரதானத்தின் பெருமைக்காகவே நாம் கூறி வருகிறோம். அதில் மற்றொரு பாடமும் உண்டு. பந்தமும் அன்னபான நிரோதமும் ஒரு வணிகரின் வீட்டுக்குள்ளேயே நிகழ்ந்தன. இழைத்தவளும் அவ்வீட்டுப் பெண்ணே. இல்லத்தினுள் நடப்பது பிறர்க்குரிய செய்தியன்று என்று பகவான் அவ்வாயிலைக் கடந்து சென்றுவிடவில்லை.

வெகுளியா, செருக்கா?

“அவர் நல்லவர்தாம்; முன்கோபம் மட்டும் உண்டு” என்று கூறக் கேட்கிறோம். சற்றே ஆராய்ந்து பார்ப்போம். அலுவலகத்தில் மேலதிகாரி கடிந்துரைக்கும்போது அவருக்கு அக்கோபம் எழுவதில்லை. கடையில் வாடிக்கையாளர் ஏசும்போதும் எழுவதில்லை. வீட்டில், தம்மைவிட எளியவரிடத்தில் மட்டுமே எழுகிறது. ஆளறிந்து இடமறிந்து எழுவது குரோதம் மட்டுமன்று. “இவள் எனக்கு அடங்கியவள்” என்னும் மானகஷாயமே அதற்கு வேர். எனவே குடியை விட்டால் சரியாகிவிடும், குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பதால் பயன் விளைவதில்லை. அச்செருக்கு நீங்கினால்தான் மாற்றம் வரும்.

நாம் கூறும் சமாதானங்கள்

துன்புற்ற பெண் வாய் திறக்கும்போது, நம் சமயச் சொற்களைக் கொண்டே அவளை மௌனமாக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவற்றுள் மூன்றை இங்குக் காண்போம்.

முதலாவது, “இது உன் பூர்வ கர்மம்” என்பது. நோயும் அசாதா வேதனீயத்தின் உதயமே. எனினும் நோயாளிக்கு ஔஷததானம் செய்கிறோம். கர்மம் என்று கூறிக் கைவிடுவதில்லை. மேலும், பிறர் துன்பத்துக்கு நிமித்தமாவோர் தமக்கும் புதிய கர்மத்தைக் கட்டிக்கொள்கின்றனர். அடிப்பவரைத் தடுப்பது அவர்க்கும் செய்யும் நன்மையே.

இரண்டாவது, “உத்தம க்ஷமை கைக்கொள்” என்பது. பொறுமை என்பது ஆன்மாவின் குணம். அது உள்ளத்தில் பகை கொள்ளாமை. அடிபடும் இடத்திலேயே இருந்தாக வேண்டும் என்பது அதன் பொருளன்று. இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டது சங்கல்ப இம்சை. தற்காப்புக்காக நேரும் விரோதி இம்சை அவர்க்கு முற்றிலும் விலக்கப்படவில்லை. அவ்வாறிருக்க, வீட்டைவிட்டு வெளியேறுவதும் காவல் நிலையம் செல்வதும் இம்சையே ஆகா.

மூன்றாவது, “குடும்ப மானம் போகும்” என்பது. சம்யக்தரிசனத்தின் எட்டு அங்கங்களுள் ஒன்றான உபகூகனத்தை இதற்குத் துணையாகக் காட்டுவர். அறிவிலாதாரின் பிழையால் அறநெறிக்குப் பழி நேராமல் காப்பதே உபகூகனம். நாள்தோறும் தொடரும் கொடுமைக்குத் திரையிடுவது உபகூகனம் ஆகாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றாலும் வினை கட்டப்படும் என்று கற்றிருக்கிறோம். “அனுசரித்துப் போ” என்று கூறி அவளை அவ்வீட்டுக்கே திருப்பி அனுப்புவோர் உடன்பட்டவர் ஆகின்றனர்.

சட்டம் தரும் பாதுகாப்பு

மேற்கூறிய 2005ஆம் ஆண்டுச் சட்டம், தண்டிப்பதைவிடக் காப்பதையே முதன்மையாகக் கொண்டது. மனைவிக்கு மட்டுமன்றி ஒரே குடும்பத்தில் வாழும் தாய், சகோதரி, மகள், கணவனை இழந்தவர் ஆகியோர்க்கும் இது பொருந்தும்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கெனப் பாதுகாப்பு அலுவலர் உள்ளார். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் வினவினால் அவரை அணுகலாம். நடந்தவற்றை அவர் குடும்ப நிகழ்வு அறிக்கையாகப் பதிவு செய்து நீதித்துறை நடுவருக்கு அனுப்புவார். பாதிக்கப்பட்டவர் தாம் தற்காலிகமாகத் தங்கியுள்ள ஊரிலேயே மனுச் செய்யலாம். முதல் விசாரணை இயல்பாக 3 நாள்களுக்குள் நடைபெற வேண்டும். 60 நாள்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. மேலும் துன்புறுத்தலாகாது என்னும் பாதுகாப்பாணை, வீட்டைவிட்டு வெளியேற்றலாகாது என்னும் வசிப்பிட ஆணை, செலவுத்தொகை, குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு ஆகியவற்றை நடுவர் வழங்கலாம். பாதுகாப்பாணையை மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படும்.

வீடு மாமனார், மாமியார் பெயரில் உள்ளது என்பதால் மட்டும் மருமகளின் வசிப்புரிமை அற்றுவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. சீதனப் பொருள்கள் மனைவிக்கே உரியவை. கணவரிடம் இருந்தாலும் அவை ஒப்படைக்கப்பட்ட பொருள்களே என்று 1985இலேயே அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடைக்கலப் பொருளைத் திருப்பித் தராமையை நியாசாபகாரம் எனச் சத்திய அணுவிரதத்தின் அதிசாரங்களுள் வைத்திருப்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

கணவரும் அவர் உறவினரும் இழைக்கும் கொடுமை தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவாகச் சேர்க்கப்பட்ட இது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகளாக உள்ளது. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையும் உண்டு.

அண்டை வீட்டார்க்கும் உறவினர்க்கும் ஒரு செய்தி. வன்முறை நடக்கிறது என நம்புவதற்குக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர் மீது எவ்வழக்கும் வாராது என்று அச்சட்டமே காப்பளிக்கிறது.

பாதுகாப்பே முதற்படி

அடித்தவரை விட்டுப் பிரிய முற்படும் வேளையே பெண்ணுக்கு மிகுந்த அபாயமான வேளை. ஆதலின் ஆத்திரத்தில் புறப்படச் செய்வதைவிட, ஆயத்தத்துடன் புறப்படச் செய்தல் நன்று. கழுத்தை நெரித்தல், தீ வைப்பதாகவோ கொல்வதாகவோ மிரட்டுதல், கருவுற்ற காலத்தில் அடித்தல், எப்போதும் ஐயுற்றுப் பின்தொடர்தல், அடி வரவர மிகுதல் ஆகியன உயிருக்கு அபாயம் உண்டு என்பதன் அறிகுறிகள். இவை தோன்றினால் காலந்தாழ்த்தலாகாது.

ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், கல்விச் சான்றுகள், குழந்தைகளின் பிறப்புச் சான்று, திருமணப் பத்திரிகையும் நிழற்படமும், மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றின் படிகளை நம்பிக்கையான ஒருவரிடம் முன்னரே அளித்து வைக்கலாம். சிறிது பணமும் மாற்றுடையும் அவ்வாறே. இரண்டு மூன்று தொலைபேசி எண்களை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். அண்டை வீட்டாருடன் ஒரு குறிச்சொல்லைப் பேசி வைத்துக்கொண்டால், அச்சொல் கேட்டவுடன் அவர்கள் உதவிக்கு வர இயலும். சச்சரவு மூளும்போது கத்தியும் அடுப்பும் உள்ள சமையலறையைத் தவிர்த்து, வெளிவாயில் உள்ள பக்கமாக நிற்பது நலம். கைப்பேசி வழியாக இருப்பிடம் அறியப்படலாம் என்பதையும் மறத்தலாகாது. காயமுற்றால் மருத்துவரிடம் உண்மையையே கூறிப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பெண்களுக்கான உதவி எண் 181, அவசர அழைப்புக்கு 112, குழந்தைகளுக்கு 1098, சட்ட உதவிக்கு 15100. தமிழ்நாட்டில் 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இயங்கி வருகின்றன. மருத்துவம், ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம், சட்ட உதவி ஆகியவற்றை ஒருங்கே அளிக்கும் ‘சகி’ மையங்களும் மாவட்டங்களில் உள்ளன.

பெரியோர்களின் கடமை

நம்முடையது சிறிய சமூகம். இரு வீட்டாரையும் அறிந்த பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பது நம் மரபு. அம்மரபு நன்றே, ஆயினும் வன்முறை நிகழ்ந்த இடத்தில் அதற்குச் சில வரையறைகள் தேவை. அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒன்றாக அமர்த்தி வினவினால், அச்சத்தால் அவள் உண்மை கூறாள். ஆதலின் அவளைத் தனியே, பெண்கள் முன்னிலையில் கேட்க வேண்டும். அவள் கூறியதை வெளியே பரப்பலாகாது. எங்குத் தங்குவது, புகார் செய்வதா என்னும் முடிவுகளை அவளே எடுக்கட்டும்.

2006ஆம் ஆண்டு விதிகள் ஆலோசகர்க்கு வகுத்துள்ள நெறியும் இதுவே. வழக்கில் தொடர்புடையோரும் உறவினரும் ஆலோசகராதல் பொதுவாக ஆகாது. அடித்தமைக்கு நியாயம் கற்பித்தலை ஆலோசனையில் ஏற்கலாகாது. மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1984இல் காவல்துறையுடன் இணைந்து பெண்களுக்கெனத் தொடங்கிய தனிப்பிரிவு, காவல்துறைக்குள்ளேயே சமூகப் பணியாளர்களை அமர்த்தி இவ்வழியில் முன்னோடியாயிற்று. அமெரிக்காவின் டுலூத் நகரில் 1980களின் தொடக்கத்தில் உருவான திட்டம், காவலர், நீதிமன்றம், புகலிடம் ஆகிய மூன்றையும் ஒருங்கிணைத்ததோடு, அடித்த ஆடவர்க்கும் வகுப்பு நடத்தியது. தம் செயலுக்குத் தாமே பொறுப்பேற்கச் செய்வதே அவ்வகுப்பின் நோக்கம். ஆலோசனை, பிரதிக்கிரமணம் ஆகிய நம் பிராயச்சித்த முறைகளும் இதையே வேண்டுகின்றன. “அவள் பேசியதால் அடித்தேன்” என்பது பிரதிக்கிரமணம் ஆகாது. “நான் அடித்தேன், அது தவறு, இனிச் செய்யேன்” என்பதே பிரதிக்கிரமணம். அது சொல்லளவில் நில்லாது ஒழுக்கத்தில் நெடுநாள் விளங்கிய பின்னரே, அதுவும் அப்பெண் விரும்பினால் மட்டுமே, இணைந்து வாழ்தல் பற்றிப் பேசலாம்.

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானம் நான்கு. முதல் மூன்றுக்கும் நம் ஊர்களில் குறைவில்லை. நள்ளிரவில் குழந்தையுடன் ஒரு பெண் கதவைத் தட்டும்போது, வினா எழுப்பாமல் திறப்பது நான்காவது தானம். நாம் ஒவ்வொருவரும் அதற்கு ஆயத்தமாவோமாக.

சுவாத்தியாயத்தில் சிந்திக்க

1. அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுக்கும் இல்லற வாழ்விலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுக் கூறுக.
2. க்ஷமைக்கும், கொடுமைக்கு உடன்படுதலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. உங்கள் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் அலுவலகம் எங்குள்ளது? கேட்டறிந்து குறித்து வைக்கவும்.
4. மணமாகிச் சென்ற மகள் திரும்பி வந்தால் நாம் அவளிடம் முதலில் கூற வேண்டிய சொல் எது?