அனுப்பிய மெயில் எங்கே போயிற்று?

அன்புள்ள தம்பிக்கு,

அலுவலக மெஷினில் விண்டோஸ் மாற்றியது பற்றிய உன் செய்தியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய்: “இன்பாக்ஸில் இரண்டு வார மெயில் மட்டும் வந்திருக்கு சார், சென்ட் ஐட்டம்ஸில் ஒன்றுகூட இல்லை.” இந்தக் கடிதம் பெரும்பாலும் அந்த வரிக்கான பதில்தான். கூடவே, “புது விண்டோஸ் பழைய மெயிலை எடுத்துக்காது” என்று கம்ப்யூட்டர் கடைக்காரர் சொன்னதையும், அதையே நீ முதலாளியிடம் ஒப்பித்ததையும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. மூன்று வருஷம் நெட்வொர்க் பாடம் படித்தவன், காரணம் கேட்காமல் ஒரு வாக்கியத்தை அப்படியே கைமாற்றி விடலாமா?

விண்டோஸ் மெயிலைத் தின்னாது. பழையதன் மேலேயே புதியதை ஏற்றினால் உன் கோப்புகள் இருந்த இடத்தில் இருக்கும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. ஆபீஸ் 2016-க்கும் 2019-க்கும் அதே நாளில் முடிந்தது. அதனால் இரண்டையும் ஒரே மூச்சில் மாற்றிய அலுவலகங்கள் நம் பக்கத்தில் நிறைய. உங்களுடையது போன்ற முட்டை ஏற்றுமதி அலுவலகமானாலும், திருச்செங்கோட்டு ரிக் வண்டி அலுவலகமானாலும், சேலத்துக் கொலுசுக் கடையானாலும் மாற்றிய மறுநாள் கிளம்பிய புகார் ஒன்றுதான். எல்லோரும் விண்டோஸைத் திட்டுகிறார்கள். அந்த மெயில் இத்தனை வருஷமாக எங்கே குடியிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. நீயும் கேட்கவில்லை.

உன் இரண்டு வாரக் கணக்குக்கு வருகிறேன். ஏன் சரியாக இரண்டு வாரம்? அவுட்லுக்கில் ஒரு கணக்கைப் பாப் முறையில் சேர்த்தால், அது சர்வரிலிருந்து மெயிலை இறக்கிக்கொண்டு பிரதியைப் 14 நாள் மட்டும் சர்வரில் விட்டுவைக்கும். பதினான்கு நாள் கழிந்ததும் சர்வரிலிருந்து தானே நீக்கிவிடும். யாரும் தொடாவிட்டால் அமைப்பு இப்படித்தான் இருக்கும். உங்கள் அலுவலகத்தில் யாரும் தொடவில்லை. எனவே விண்டோஸ் மாறிய அன்று சர்வரில் மிச்சமிருந்தது கடைசி 14 நாள் சரக்கு மட்டுமே. புது அவுட்லுக் அதை ஒழுங்காக இறக்கிக் கொடுத்திருக்கிறது. அதற்கு முந்தைய ஆறு வருஷ மெயில் அந்த ஒரே மெஷினில், அவுட்லுக் மெயிலைச் சேர்த்துவைக்கும் ஒரே பி.எஸ்.டி. கோப்பில் இருந்தது.

சென்ட் ஐட்டம்ஸ் காலியானதுதான் இதற்குச் சரியான சாட்சி. பாப் முறைக்கு இன்பாக்ஸைத் தவிர வேறு பெட்டி எதுவும் தெரியாது. நீ மஸ்கட்டுக்கு அனுப்பிய இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் கம்பெனிக்குத் திருத்தி அனுப்பிய பில் ஆஃப் லேடிங் வரைவு எல்லாம் உன் மெஷினிலிருந்து புறப்பட்டுப் போய்விட்டன. அவற்றின் பிரதி உன் மெஷினில் மட்டும் தங்கிற்று. சர்வருக்கு அந்தப் பிரதியைப் பற்றி ஒன்றும் தெரியாது. மாற்றியதற்கு முந்தைய நாள் அனுப்பியதுகூடப் புது விண்டோஸில் வராது. இன்பாக்ஸ் பாதி வந்து, சென்ட் முழுக்கக் காலியாக இருந்தால் அது பாப் கணக்கு. வேறு எதையும் திறந்து பார்க்காமலே சொல்லிவிடலாம்.

இந்த முறையைக் குறை சொல்வது எளிது. ஆனால் அது பிறந்த காலத்தை நினைத்துப் பார். பாப் மூன்றாம் பதிப்பின் இன்றைய வரையறை ஆர்.எஃப்.சி. 1939, 1996 மே மாதம் வந்தது. நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாவதற்கு ஏழெட்டு மாதம் முன்பு. வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15-இல். டெலிபோன் வழியே இணைப்பு, நிமிஷத்துக்கு நிமிஷம் பில் ஏறும், சர்வரில் கொடுக்கிற இடமோ கையளவு. இணைந்து, இறக்கி, துண்டித்து, பிறகு நிதானமாகப் படிப்பதுதான் அப்போது புத்திசாலித்தனம். அந்த வரையறையை அச்செடுத்து வைத்திருக்கிறேன், 23 பக்கம். எந்தக் கட்டளை என்ன செய்யும், செய்யாது என்று ஒரு வார்த்தை வீணாக்காமல் எழுதியிருப்பார்கள். மெயிலைச் சர்வரில் வைத்து ஆளுவது தன் வேலையில்லை என்று அதுவே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறது. அந்த வேலைக்கு ஐமேப் இருக்கிறது. மார்க் கிறிஸ்பின் என்பவர் ஸ்டான்ஃபோர்டில் 1986-இலேயே அதைத் தொடங்கிவிட்டார். 2003-இல் அவர் எழுதிய ஆர்.எஃப்.சி. 3501 நூற்றுக்கும் மேற்பட்ட பக்கம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படி. யூடியூபில் பத்து வீடியோ பார்த்தாலும் கிடைக்காத தெளிவு ஒரு சாயங்காலத்தில் கிடைக்கும். உங்கள் தலைமுறை மூலத்தைப் படிப்பதில்லை என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு. உன்னிடமும் அதை மறைக்கப் போவதில்லை.

உங்கள் மேனேஜர் மெஷினில் மெயில்கள் இரண்டு இரண்டாக நிற்கின்றன என்று எழுதியிருந்தாயே, அதற்கும் வேர் இதே இடத்தில்தான். பாப் சர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு தனி அடையாளம் தருகிறது. எதை எதை ஏற்கெனவே இறக்கினோம் என்று அவுட்லுக் அந்த அடையாளங்களை வைத்துத்தான் குறித்துக்கொள்ளும். அவர் மெஷினில் பழைய கோப்பு தப்பியது. கணக்கை மட்டும் நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தார்கள். குறிப்பு போய்விட்டதால் சர்வரில் கிடந்த இரண்டு வார மெயிலும் புதியது என்று எண்ணி மறுபடி இறக்கியது. இரட்டை விழுந்ததைக் கையால் அழித்துக்கொள்ளலாம், ஆபத்தில்லை. ஆனால் அழிக்கும் முன் அந்தக் கோப்பை ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடு.

இனி உன் கோப்பைத் தேடும் வேலை. கடைக்காரர் செய்தது மூன்றில் ஒன்றாக இருக்கும். பார்மேட் போடாமல் ஏற்றியிருந்தால், சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் என்ற போல்டர் நிற்கும். உள்ளே யூசர்ஸ் போல்டரில் உன் பழைய பெயரைத் தேடு. புதிய அவுட்லுக் பதிப்புகள் டாக்குமெண்ட்ஸில் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற போல்டரில் வைக்கும். பழையவை ஆப்டேட்டா என்ற மறைந்த போல்டருக்குள் லோக்கல், மைக்ரோசாப்ட், அவுட்லுக் என்று உள்ளே உள்ளே வைத்திருக்கும். மறைந்தவற்றைக் காட்டு என்று டிக் செய்யாமல் “இல்லை” என்று சொல்லாதே. விண்டோஸ்.ஓல்ட் 10 நாளில் தானாக அழிந்துவிடும். இதில் சோம்பலுக்கு இடமில்லை. கடைக்காரர் பார்மேட் போட்டுவிட்டு அதே எஸ்.எஸ்.டி.யில் ஏற்றியிருந்தால் நம்பிக்கை குறைவு. எஸ்.எஸ்.டி. அழித்த இடத்தை உடனே துடைத்துவிடும் குணமுள்ளது. பழைய ஹார்ட் டிஸ்க்போல மீட்பு மென்பொருளுக்குப் பிடி கொடுக்காது. மூன்றாவது வாய்ப்புக்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் உன் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது என்று உங்கள் அக்கவுண்டன்ட் சொன்னது வேறு கதை, சுருக்கமாக முடிக்கிறேன். அவருடையது ஜிமெயில். 2022 மே 30-இலிருந்து கூகுள் வெறும் பாஸ்வேர்டை வைத்து வெளி மென்பொருள் நுழைவதை நிறுத்திவிட்டது. பழைய அவுட்லுக்கில் யாரோ ஒருவர் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு போட்டு வைத்திருப்பார். அது ஒரு முறை மட்டுமே கண்ணில் காட்டப்படும், எழுதி வைத்திருக்க மாட்டார்கள். இரண்டு படிச் சரிபார்ப்பை வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று எடுத்துப் போடச் சொல், தீர்ந்தது. சோஹோ மெயில் வைத்திருப்பவர்கள் இந்தியக் கணக்கென்றால் சர்வர் பெயர் டாட் இன் என்று முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பழக்கத்தில் டாட் காம் போட்டு, சரியான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்துக் களைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உன் அக்காவின் லேப்டாப் விஷயத்தில் மட்டும் என்னால் சுருக்கமாக இருக்க முடியாது. 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த லேப்டாப். லினக்ஸைப் புதுப்பித்த பிறகு தண்டர்பேர்டு “சான்றிதழ் செல்லாது” என்று மறுக்கிறது, மறுபடி இன்ஸ்டால் செய்தும் அப்படியே என்கிறாய். திரையின் மூலையில் தேதியைப் பார்த்தாயா? யாரும் பார்ப்பதில்லை. மெயில் சர்வரின் சான்றிதழ் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதப்பட்டது. மெஷினுக்கு இன்று 2012 என்று தோன்றினால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று அது நியாயமாகவே மறுக்கும். லேப்டாப் பேட்டரி செத்து, உள்ளே காசு அளவில் இருக்கும் 3 வோல்ட் சிறு பேட்டரியும் தீர்ந்திருக்கும். கரண்ட் போகிறபோதெல்லாம் கடிகாரம் பழைய காலத்துக்கு ஓடும். அப்கிரேடுக்காக மெஷினை நிறுத்திப் போட்டதில் அது வெளியே தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். பழி புது லினக்ஸ் மேல்.

அந்தச் சிறு பேட்டரியை மாற்றிய பிறகும், விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் மெஷினில், விண்டோஸில் சரியாக இருக்கும் மணி, லினக்ஸ் போய் வந்தால் ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கலாம். லினக்ஸ் போர்டில் உள்ள கடிகாரத்தைக் கிரீன்விச் நேரமாக வாசிக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரமாக வாசிக்கும். இடையில் நம் நாட்டின் ஐந்தரை மணி. இதனால் சான்றிதழ் கெடாது. ஆனால் அந்த மெஷினிலேயே 30 நொடிக்கு ஒரு முறை மாறும் ஆறு இலக்கக் குறியீட்டை உருவாக்கினால் அது தவறாகத்தான் வரும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரு கட்டளை போதும். சான்றிதழ்களின் ஆயுளும் குறைந்துகொண்டே வருகிறது: 2020 செப்டம்பரிலிருந்து உச்சவரம்பு 398 நாள், 2026 மார்ச்சிலிருந்து 200, 2029-இல் 47. ஓரிரு மாதம் பின்தங்கிய கடிகாரம்கூட இனி மெயிலை நிறுத்தும். எந்த மெயில் பழுதுக்கும் முதலில் தேதியைப் பார் என்று வகுப்பில் நான் சொன்னபோது பின் பெஞ்சில் சிரித்தீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கோப்பு கிடைத்ததும் செய்ய வேண்டியது இது. அதை மெஷினுக்குள் நகலெடுத்து, அவுட்லுக்கின் ஃபைல் மெனுவில் ஓபன் வழியாகத் திற. பென்டிரைவிலிருந்து நேராகத் திறக்காதே. ஒன்டிரைவ் டாக்குமெண்ட்ஸ் போல்டரைத் தன் பொறுப்பில் எடுத்திருந்தால் கோப்பை அதற்கு வெளியே வை. திறந்திருக்கும் பி.எஸ்.டி.யும் ஒன்டிரைவும் ஒத்துப்போகாது. பிறகு அலுவலகக் கணக்கை ஐமேப் முறையில் புதிதாகச் சேர்த்து, பழைய மெயிலை வருஷம் வருஷமாக, சென்ட் உட்பட, சர்வர் போல்டர்களுக்கு இழுத்து விடு. சர்வரில் இடம் போதாவிட்டால் முதலாளியிடம் பணம் கேள். ஒரு கன்டெய்னர் முட்டைக்கான தகராறில் ஒரே ஒரு பழைய மெயில் தேவைப்படும்போது அந்தப் பணத்தின் அருமை அவருக்குத் தெரியும். ஐமேப் வந்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்றும் நினைத்துவிடாதே. ஒருவர் போனில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். மாதம் ஒரு முறை தனி நகல் எடுத்தே ஆக வேண்டும். இன்னொன்று, விண்டோஸ் 11-உடன் வரும் புதிய அவுட்லுக், மற்றக் கம்பெனிக் கணக்குகளின் மெயிலையும் மைக்ரோசாப்ட் சர்வர் வழியாகவே கொண்டுவருகிறது. வாங்குபவரோடு விலை பேசும் கடிதங்களை இன்னொரு கை வழியாக விடுவதா என்பதை முதலாளி தெரிந்து முடிவெடுக்கட்டும். நானாக இருந்தால் தண்டர்பேர்டு போடுவேன்.

இப்போது மூன்றாவது வாய்ப்பு. “மெஷின் பறக்குது சார்” என்று எழுதியிருந்தாயே, வெறும் விண்டோஸ் மாற்றலில் அந்த வேகம் எங்கிருந்து வந்தது? பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டிருக்கிறார்கள். பில்லில் பார், இருக்கும். அப்படியானால் கழற்றிய டிஸ்க் பார்மேட் ஆகாமல் கடையில் எங்கோ ஒரு டப்பாவில் கிடக்கும். ஆறு வருஷ மெயிலும் சென்ட் ஐட்டம்ஸும் அதில்தான். இன்னொரு மெஷினுக்கு அதை அவர் போட்டுக் கொடுப்பதற்குள் நீ போய்க் கேட்டு வாங்கு. யு.எஸ்.பி. கேஸ் ஒன்றில் மாட்டி, எதையும் எழுதாமல், கோப்பை மட்டும் நகலெடு. டிஸ்க் ஏற்கெனவே கைமாறிவிட்டது என்றால், மஸ்கட், தோஹா வாடிக்கையாளர்களுக்கு ஒரு வரி எழுது: நீங்கள் அனுப்பியவை அவர்கள் இன்பாக்ஸில் இருக்கும், திருப்பி அனுப்பச் சொல். கடை ஒன்பதரைக்குத்தான் திறக்கும். நீ ஒன்பதுக்கே போய் நில்.

அன்புடன்,
உன் ஆசிரியன்