வாழ்த்தில் தொடங்கும் ஸ்பானிஷ் பாடம்

ஆண்டுதோறும் செப்டம்பர் 15 இரவில், மெக்சிகோ நகரத்தின் சோகலோ சதுக்கத்தில் மக்கள் திரள்கிறார்கள். தேசிய மாளிகையின் மாடத்திலிருந்து அதிபர் "பீபா மெஹிகோ!" என்று முழங்க, கூட்டம் "பீபா!" என்று திருப்பி முழங்குகிறது. வாழ்தலைக் குறிக்கும் "பிபீர்" என்ற வினையின் நிகழ்கால சப்ஜங்டிவ் (விருப்பம், ஐயம் போன்றவற்றைச் சொல்லும்) வடிவம்தான் அந்த "பீபா".

ஸ்பானிஷ் கற்பவர்கள் மலைத்து நிற்கும் பாடம் இந்த சப்ஜங்டிவ். வினைவடிவ அட்டவணையை ஒதுக்கிவிட்டு வாழ்த்துகளிலிருந்து தொடங்கியதுதான் எனக்குக் கைகொடுத்தது. ஸ்பெயினில் சாப்பிடுகிறவர்களைப் பார்த்து "கே அப்ரொபேச்சே" என்பார்கள். தூங்கப் போகிறவருக்கு "கே தெஸ்கான்செஸ்", நோயாளிக்கு "கே தே மெஹோரெஸ்". மூன்றுமே ஒழுங்கான வினைகள். வாழ்க, வளர்க என்று வியங்கோளில் வாழ்த்திப் பழகிய தமிழருக்கு இந்த மனநிலை அந்நியமல்ல.

வடிவம் அமைப்பதும் எளிது. "நான் பேசுகிறேன்" என்பதற்கு "ஆப்லோ". கடைசி ஓகாரத்தை நீக்கி எகரத்தைச் சேர்த்தால் ஆப்லே, ஆப்லெஸ், ஆப்லே, ஆப்லேமோஸ், ஆப்லென். இது "ஆர்" என முடியும் வினைகளுக்கு. "ஏர்", "ஈர்" என முடிபவை அகரத்தை ஏற்கும்: உண்பதைக் குறிக்கும் "கொமேர்" வினை கோமா, கோமாஸ், கோமா, கொமாமோஸ், கோமான் என்று வரும். ஸ்பெயினில் நெருங்கியவர்களைப் பன்மையில் அழைக்க ஆப்லேயிஸ், கொமாயிஸ் என்றும் உண்டு. லத்தீன் அமெரிக்காவில் பேசப் போகிறவர் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எழுதும்போது ஓர் எச்சரிக்கை தேவை. தேடுவதைக் குறிக்கும் "புஸ்கார்" வினையில் ககர ஒலிக்கு "சி" எழுத்து. "புஸ்கே" ஆகும்போது அந்த இடத்தில் "க்யூ, யூ" இரண்டும் வரும். பணம் செலுத்துவதைக் குறிக்கும் "பகார்", "பாகே" ஆகும்போது "ஜி"யை அடுத்து ஒரு "யூ" நுழையும். ஓசையைக் காக்கவே எழுத்து மாறுகிறது என்று புரிந்துகொண்டால், இவற்றை விதிவிலக்காக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். முதலில் ஆட்களை எண்ணிப் பார்ப்பது நல்லது. விரும்புகிறவரும் சாப்பிடுகிறவரும் ஒருவரே என்றால் "கியேரோ கொமேர்", நான் சாப்பிட விரும்புகிறேன். நீ சாப்பிட வேண்டும் என்று நான் விரும்பினால் இருவர் வந்துவிடுகிறார்கள். "கியேரோ கே கோமாஸ்" என்று சொல்ல வேண்டும்.

அடுத்தது நம்பிக்கையும் ஐயமும். ஆனா பேசுகிறாள் என்று நம்புகிறவர் "க்ரேயோ கே ஆனா ஆப்லா" என்பார். நம்பாதவர் "நோ க்ரேயோ கே ஆனா ஆப்லே" என்பார். ஓர் உயிரெழுத்துதான் மாறுகிறது.

"...போது" என்ற பொருளில் வரும் "குவாந்தோ" பலரைத் தடுமாற வைக்கிறது. வீட்டுக்கு வந்ததும் சாப்பிடுவது வழக்கம் என்றால் "குவாந்தோ யேகோ அ காஸா, கோமோ". இனிமேல்தான் வரப்போகிறேன் என்றால் "குவாந்தோ யேகே அ காஸா, கொமெரே". அந்தச் செயல் நடந்துவருகிறதா, இன்னும் நடக்கவில்லையா என்று கேட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இதே வடிவம் கட்டளைக்கும் உதவுகிறது. கதவில் எழுதியிருக்கும் "எம்பூஹே" (தள்ளவும்), உள்ளே அழைக்கும் "பாஸே" இரண்டும் மரியாதைக் கட்டளைகள். நெருங்கியவரிடம் "பேசாதே" என்பதற்கும் "நோ ஆப்லெஸ்" தான்.

பயிற்சிக்கு "கியேரோ கே", "எஸ்பேரோ கே" (எதிர்பார்க்கிறேன்), "நோ க்ரேயோ கே" என்ற மூன்று தொடக்கங்கள் போதும். பக்கத்தில் இருப்பவரிடம் எதிர்பார்ப்பதை அவற்றோடு சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பழகலாம். அது சரளமான பிறகு "தேங்கோ" (என்னிடம் இருக்கிறது) போன்ற ஒழுங்கற்ற வினைகளுக்குப் போகலாம். அங்கும் ஓகாரத்தை நீக்கி அகரத்தைச் சேர்த்தால் "தேங்கா" கிடைக்கும்.