புல்வெளியில் சிற்றுயிர்த் தடம் அறிதல்

இடுக்கி மாவட்டத்து மூணாற்றுக்கு அண்மையில், ஆனைமலைத் தொடரில், இரவிகுளம் புல்வெளி பரந்துள்ளது. 1975-இல் சரணாலயமாகவும், 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பெற்ற இதன் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். அதே தொடரின் பாலக்காட்டுப் பகுதியாகிய பறம்பிக்குளத்திலும் காட்டினிடையே ஈரப் புல்வெளிகள் உண்டு. அவற்றை ‘வயல்’ என்பர்.

இரவிகுளம் செல்வோரின் கண்கள் வரையாட்டையே நாடும். ஆயினும் அங்கே காட்டுமுயல், கீரி, முள்ளம்பன்றி, எலி முதலியனவும் வாழ்கின்றன. இவற்றுட் பல இரவில் உலவுவன. ஆகையால் உருவத்தைத் தேடாது அடையாளத்தைத் தேடல் வேண்டும்.

முறை யாது? வனத்துறையின் அனுமதி பெற்றபின், புல்வெளியின் குறுக்கே நேர்கோடாகக் கயிறு கட்டுக. சமதூரங்களில் ஒரே அளவுள்ள சதுரங்களைக் குறித்து, ஒவ்வொன்றிலும் கண்டதை எழுதுக. நேர்கோடு எதற்கு? மனம் போனவாறு நடப்போமாயின், கால் எளிய வழியையே நாடும்; கண் தான் விரும்பியதையே காணும்.

காணத்தக்கவை நான்கு. முதலாவது, கழிவு: முயற்பிழுக்கை உருண்டு சற்றே தட்டையாய், புல்நார் தெரிய இருக்கும். கீரியின் கழிவில் மயிரும் சிற்றெலும்பும் காணப்படும். ஓடைப் பாறைமேல் நண்டோட்டுத் துணுக்குகள் நிறைந்த கழிவு நீர்நாயைக் குறிக்கும். இரண்டாவது, வளைவாயும், புல்லினடியே ஓடும் குறுகிய எலித்தடமும். மூன்றாவது, கடித்த குறி: முயல் கொறித்த தாள் சாய்வாக வெட்டியதுபோல் தோன்றும். நான்காவது, உதிர்ந்த முள்ளும் ஈரமண்ணில் பதிந்த அடிச்சுவடும்.

சதுரத்திலுள்ள பிழுக்கைகளை அகற்றிவிட்டுக் குறித்த நாள் கழித்து மீண்டும் எண்ணினால், புதியது எவ்வளவு என்பது விளங்கும். மழை அடையாளத்தை அழிக்குமாதலால் பருவத்தையும் பதிக. ‘காணவில்லை’ என்று எழுதலாம். ‘இல்லை’ என்று எழுதலாகாது.

இவ்வேறுபாடு சிறிதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகள் பல, பயனற்ற தரிசெனக் கருதப்பட்டு, சீகை மரமும் தைல மரமும் நடப்பெற்று மறைந்தன. மரம் வைத்தோர் நன்மையே செய்வதாக எண்ணினர். புல்லினடியில் குடியிருந்தவற்றை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அறியாமையாலும் தீங்கு விளையும் என்பதற்கு இது சான்று.

பொறி வையாமலும், எவ்வுயிரையும் தொடாமலும் செய்யத்தக்க ஆய்வு இது. அன்பர்கள் தம்மூர் வயல்வரப்பிலேயே பத்துச் சதுரங்கள் குறித்துப் பயில்வாராக.