பயணத்திற்கு ஏற்ற முக்காலி

விடுமுறையில் யாத்திரை போய்வந்த குடும்பங்களின் ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். படம் எடுத்தவர் மட்டும் எதிலும் இருக்கமாட்டார். இருட்டிய பிறகு எடுத்த படங்களில் பாதி கலங்கியிருக்கும். இரண்டு குறைக்கும் மருந்து ட்ரைபாட் எனப்படும் முக்காலிதான். எந்த முக்காலி என்பதில் நான் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன்.

முதலில் வாங்கியது மூன்று கிலோ. பாறை மாதிரி நிற்கும். ஆனால் தில்லியிலிருந்து ரயில் ஏறும்போதெல்லாம், பெட்டி படுக்கைக்கே இடமில்லை, இது வேறா என்று பரணிலேயே தங்கிவிட்டது. அடுத்து 600 கிராமில் ஒன்று வாங்கினேன். 2011-ல் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போனபோது அதுதான் கூட வந்தது. கேதார் காட் படிகளில் அந்திநேரம். எல்லோரையும் நிறுத்தி, டைமரை அழுத்திவிட்டு ஓடிப்போய் அம்மா பக்கத்தில் நின்றேன். ஷட்டர் கால் விநாடி. மூன்று படம். கேமராவின் சின்னத் திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால் மூன்றிலும் விளக்குகளுக்கு ஒரே மாதிரி வால் முளைத்திருந்தது. ஆட்கள் அசைந்தால் ஆட்கள் மட்டுமே கலங்குவார்கள். விளக்குகளும் சேர்ந்து ஒரே பக்கம் இழுபட்டிருந்தால் ஆடியது கேமரா. அம்மாவோடு மறுபடி காசிக்குப் போக வாய்க்கவில்லை.

தவறு எடையில் மட்டுமில்லை. உயரம் போதாமல் நடுத்தண்டை முழுக்க உயர்த்தியிருந்தேன். அப்படிச் செய்தால் மூன்று கால் முக்காலியின் தலையில் ஒற்றைக் கால் ஒன்றை நட்டதுபோல் ஆகிவிடும். ஆற்றங்காற்றுக்கு அது போதும். ஆகவே கடையில் விளம்பர அட்டையிலுள்ள அதிகபட்ச உயரத்தைப் பார்க்காதீர்கள். தண்டை உயர்த்தாமல் எவ்வளவு என்று கேளுங்கள். 125, 130 செ.மீ. இருந்தால் தாராளம். குனிந்து திரையைப் பார்த்துக்கொள்ளலாம்.

கால்கள் எத்தனை அடுக்கு என்பதும் முக்கியம். ஐந்து அடுக்கு என்றால் மடித்தால் குட்டையாகும். ஆனால் கடைசி அடுக்கு பென்சில் கனத்துக்கு வந்துவிடும். நான்கு அடுக்கு நடுவழி. கால்களைத் தலைகீழாக மடக்கும் வகையில் நான்கு அடுக்கே நாற்பது, நாற்பத்தைந்து செ.மீ.க்குள் அடங்கி, துணிப்பைக்குள் போய்விடும். முழு உயரம் தேவையில்லாதபோது மெலிந்த கடைசி அடுக்கை நீட்டாமல் விடுங்கள்.

கடையிலேயே சோதித்துவிடலாம். கால்களை முழுவதும் நீட்டி, உச்சியைக் கையால் பிடித்துத் திருகுங்கள். துணி பிழிவதுபோல் முறுகினால் வேண்டாம். பிறகு உங்கள் கேமராவையே மாட்டி, திரையில் பெரிதாக்கிக்கொண்டு, ஒரு காலை விரலால் தட்டுங்கள். பிம்பம் ஓரிரு விநாடியில் அடங்கவேண்டும். எத்தனை கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பது அவரவர் கணக்கு; கேமரா, லென்ஸ் இரண்டின் எடையைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும்.

அலுமினியமா, கார்பன் ஃபைபரா? கார்பன் எடை குறைவு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும், வடக்கத்திக் குளிரில் கையைச் சுடாது. விலைதான் இரண்டு மூன்று மடங்கு. நான் இப்போது வைத்திருப்பது அலுமினியம், ஒன்றரைக் கிலோ. வருடத்துக்கு இரண்டு பயணத்துக்கு இது போதும் என்பது என் அபிப்பிராயம். தலைப்பகுதிக்குப் பந்துத் தலையே லேசு.

காற்றடித்தால் நடுத்தண்டின் கொக்கியில் பையை மாட்டலாம். பை அந்தரத்தில் ஊசலாடினால் அதுவே கேமராவை ஆட்டும். அடிப்பகுதி தரையைத் தொடும்படி மாட்டுங்கள். டைமரை இரண்டு விநாடி வையுங்கள்; நீங்களும் படத்தில் நிற்பதானால் பத்து. லென்ஸின் நடுக்கம் தடுக்கும் விசையை அணைத்துவிடுங்கள். ஆற்று மணலில் நட்டுவிட்டு வந்தால் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து மடக்கவேண்டும். திருகுப் பூட்டில் மணல் புகுந்தால் நறநறவென்று கடிக்கும்.

இன்னொன்று: தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னங்களில் முக்காலி வைக்க முன்அனுமதி வேண்டும். தாஜ்மஹாலுக்கு எடுத்துப் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆக்ரா போகிறவர்கள் அன்றைக்கு அதை அறையிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.