அயலாரின் வெறும் பாத்திரங்கள்

வேதபாடம்: 2 இராஜாக்கள் 4:1-7



நோய் குணமாகி வீடு திரும்புகிற பலருடைய முகத்தில் சந்தோஷம் இருப்பதில்லை. வைத்தியத்துக்காக வாங்கிய வட்டிக் கடன் வாசலில் காத்திருக்கிறது. மாத்திரை கொடுத்து அனுப்புகிற எங்களால் அந்த நோயைத் தொட முடிவதில்லை. சபைகளால் முடியும் என்று நம்புகிறோம்.

எலிசாவிடம் வந்த விதவையின் கணவன் தேவனுக்குப் பயந்தவன். ஆனாலும் கடனோடு மரித்தான். (கடன்பட்ட வீட்டைக் குற்றவாளியின் வீடாகப் பார்க்கிற நமக்கு முதல் வசனமே பதில் சொல்லிவிடுகிறது.) கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு மகன்களையும் அடிமையாக்க வந்து நிற்கிறான். எலிசா பணம் கொடுக்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். இருந்தது ஒரு குடம் எண்ணெய். அயல்வீடுகளில் வெறும் பாத்திரங்களை நிறைய இரவல் வாங்கச் சொன்னார். பாத்திரங்கள் தீர்ந்ததும் எண்ணெய் நின்றுபோயிற்று. அயலார் எவ்வளவு பாத்திரம் கொடுத்தார்களோ, அவ்வளவுதான் எண்ணெய்!

நம் புதுக்கோட்டை மாவட்டம் இதைக் கண்ணால் கண்டது. கொத்தடிமை முறை 1976-ல் சட்டப்படி ஒழிந்த பின்னும், முன்பணம் வாங்கிய குடும்பங்கள் கல் குவாரிகளில் கட்டுண்டே கிடந்தன. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. கல்லும் இருந்தது, உழைப்பும் இருந்தது. இல்லாதிருந்தது குத்தகைப் பத்திரம் ஒன்றே. அதே சமயம் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஆண்கள் சைக்கிளின் கம்பியில் பிள்ளையை உட்காரவைத்து, பஸ்ஸுக்குக் காத்திராமல் வேலைக்கும் சந்தைக்கும் போனார்கள் பெண்கள். இதைச் செய்தது சபை அல்ல, அரசும் தொண்டர்களும்.

சபையில் பாத்திரம் இல்லையா? ஞாயிறு தவிர பூட்டிக் கிடக்கும் மண்டபம் இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழு அங்கே கூடலாம், தையல் மிஷின் போடலாம். ஓய்வுபெற்ற பாங்க் ஊழியர் ஒருவர் கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கலாம். தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர் மனு எழுதித் தரலாம். கிறிஸ்துமஸ் சேலையும் அரிசியும் நல்லவைதான். ஆனால் பொங்கலுக்குள் தீர்ந்துவிடும்.

ஒரு எச்சரிப்பு. காணிக்கைப் பணத்தைச் சபையே கடனாகக் கொடுக்க வேண்டாம். தவணை கேட்கப் போகிற போதகர் அந்த வீட்டில் ஜெபிக்க முடியாது. கடன்பட்டவரும் மெல்ல ஆராதனையை விட்டுவிடுவார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்ற விசுவாசி முதலில் செல்வந்தரின் தயவை நம்பியே சங்கம் நடத்தினார். அது நிலைக்காது என்று கண்டு, 1864-ல் கடன் வாங்குகிறவர்களே அங்கத்தினராகும் சங்கத்தைத் தொடங்கினார். அந்த முறையையே நிக்கல்சன் சென்னை மாகாணத்துக்குச் சிபாரிசு செய்தார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது.

இன்னொன்றும் கவனித்தோம். அந்த விதவை கதவைப் பூட்டிக்கொண்டுதான் எண்ணெய் வார்த்தாள். யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. உதவி பெறுகிறவரை நிற்கவைத்துப் படம் பிடிக்கிறோமே, இந்த மடலிலும் அப்படிப்பட்ட படங்களை நாங்கள் போட்டிருக்கிறோம். இனிப் போடமாட்டோம்.