பைத்தான் லூப்: புதிதாகக் கற்பவர்களுக்கு

• எத்தனை சுற்று என்று முன்பே தெரிந்தால் ‘ஃபார்’ லூப் போதும். ஒரு நிபந்தனை மாறும்வரை சுற்ற வேண்டுமென்றால் ‘வைல்’ லூப்.

• ‘ரேஞ்ச்(1, 10)’ என்றால் 1 முதல் 9 வரைதான் வரும். 10-ம் வேண்டுமானால் 11 என்று கொடுங்கள்.

• வைல் லூப்புக்குள் எண்ணிக்கையைக் கூட்டும் வரி விடுபட்டால் அது நிற்காமல் ஓடும். கன்ட்ரோல், சி விசைகளைச் சேர்த்து அழுத்தி நிறுத்துங்கள்.

• கூட்டுத்தொகை காணும்போது, ‘மொத்தம் = 0’ என்ற வரி லூப்புக்கு மேலே இருக்கட்டும். உள்ளே வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் தொகை அழிந்துவிடும்.

• லூப்புக்குள் வரும் வரிகளை 4 இடைவெளி உள்தள்ளி எழுதுங்கள்.

• விடை தவறினால் உள்ளே ஒரு ‘பிரின்ட்’ வரி சேருங்கள். எந்தச் சுற்றில் பிசகியது என்று தெரிந்துவிடும்.